ஒளியுண்ணாப் பவளங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில், ஒரு கவிதையும் எழுதாத என்னைப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பத்தாண்டுகளாகப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவன் நான். சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவன் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். நம் கூட்டங்களில் வாசிக்கப்படும் கவிதைகளில் 'பவளவாய்' வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. அதையே இன்று உரையாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன்.

வாயின் செம்மையைச் சொல்லப் பவளத்தை உவமையாக்குவது நம் மரபு. பவளமே வாய்களின் கூட்டம் என்பதை அந்த உவமை சொல்வதில்லை. பவளத்தின் உயிர்ப்பகுதி பாலிப் என்னும் சிற்றுயிர். ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், உள்ளே ஒரு வயிற்றுக் குழி. ஏறத்தாழ இவ்வளவே அதன் உடல். உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாயால்தான். நாம் மாலையாகக் கோக்கும் செம்பொருள் அவ்வாய்கள் பல கூடிக் கட்டிய எலும்பு.

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களுள் கீழ்க்கடலிலிருந்து வந்த துகிரையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் பவளத்தையும் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் குறிக்கிறது. உரோமர் முத்தை மதித்ததுபோல் இந்தியர் பவளத்தை மதித்தனர் என்று பிளினி எழுதினார். மத்தியதரைக் கடலின் அந்தச் செம்பவளம் வெயில் குறைந்த பாறைக் குகைகளிலும் ஆழங்களிலும் வளர்வது. அதன் கிளை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. உயிரோடிருக்கையில் செந்நிறக் கிளையின்மேல் எட்டு உணர்கொம்புகள் கொண்ட வெண்ணிறப் பாலிப்புகள் பூத்திருக்கும். வெளிச்சத்தை நம்பி வாழாத பவளம் அது.

அதென்ன வெளிச்சத்தை நம்புதல் என்று கேட்பீர்கள். கடலில் பவளத்திட்டுகளைக் கட்டும் பவளங்கள் தம் தசைக்குள் ஸூஸாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகளுக்கு இடங்கொடுத்திருக்கின்றன. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. அதிற் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது. அத்தகைய பவளத்தை வளர்ப்பவர் நல்ல விளக்கும் தூய நீரும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றொரு வகைக்குப் பாசி விருந்தாளிகள் இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் சிற்றுயிர்களைப் பிடித்து உண்டால்தான் அதற்கு வாழ்வு. வீட்டுத் தொட்டியில் நீரோட்டம் எதையும் கொண்டுவராது. நாம்தான் கொண்டுவர வேண்டும்.

இவ்வகையில் வீடுகளுக்கு மிகுதியும் வருவது டியூபாஸ்ட்ரேயா. வணிகர்கள் அதைச் சூரியப் பவளம் என்பார்கள். வெயிலே வேண்டாத உயிருக்குச் சூரியன் பெயர் வாய்த்தது அதன் மஞ்சள் உணர்கொம்புகளால். பகலில் செங்கல் துண்டுபோல் மூடிக் கிடக்கும். இரவில்தான் விரியும்.

அதற்கு உணவூட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் நீரோட்டப் பம்புகளை நிறுத்த வேண்டும். உறைய வைத்த மைசிஸ் என்னும் சிறு இறாலை உருக்கி, அந்த நீரில் சிறிதைப் பவளத்தருகே விட வேண்டும். மணம் அறிந்து, அரைமணி நேரத்தில் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பின்பு நீண்ட சொட்டுக்குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் இறால் வைக்க வேண்டும். ஒரு வாய் உண்டதனால் மற்ற வாய்களின் பசி முழுவதும் தீர்ந்துவிடாது. என் பவளத்தில் 43 வாய்கள். தொட்டியில் இருக்கும் துப்புரவு இறால் சும்மா இராது. பவளத்தின் வாய்க்குள்ளிருந்தே உணவைப் பிடுங்கிச் செல்லும். ஆகவே அடி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைப் பவளத்தின்மேல் கவிழ்த்து, அதன் கழுத்து வழியாக ஊட்டுகிறேன். வாரத்துக்கு மூன்று இரவுகள் இந்தப் பணி. ஊருக்குப் போவதென்றால் மீன்களுக்கு உணவிடத் தானே இயங்கும் கருவி உண்டு. பவளத்துக்கு ஊட்ட என் தம்பி மகன்தான் வந்து தங்க வேண்டும்.

ஊட்டுவதோடு துன்பம் முடிவதில்லை. உண்ணாத உணவு அழுகி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகிறது, பாஸ்பேட்டும் ஏறுகிறது. மிகுதியாக இட்டால் நீர் கெட்டுச் சாகும். குறைவாக இட்டால் பசியால் சாகும். நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை வைத்திருக்கிறேன். வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றுகிறேன். வெப்பத்தை 25 டிகிரியில் நிறுத்தக் குளிர்விப்பான் ஓடுகிறது. விளக்கில் மிச்சமாகும் காசு இவ்வழியில் கரைந்துபோகிறது.

இனி என் தோல்வியைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் டெண்ட்ரோநெப்தியா என்னும் மென்பவளத்தைக் கண்டேன். கண்ணாடிபோன்ற தண்டு, நுனியெல்லாம் குங்கும நிறக் கொத்துகள். இதற்கு என்ன உணவு என்று கேட்டேன். மீனுக்குப் போடுவதில் சிந்துவதே போதும் என்றார் கடைக்காரர். நம்ப விரும்பினேன்; நம்பினேன். இறால் வைத்தேன், பற்றவில்லை. ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை விட்டேன். பெரும்பாலானவை நழுவிப் போயின. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. விருந்தினர் வந்து, என்ன அழகு என்றார்கள். அப்போதும் அது பட்டினியாகத்தான் இருந்தது. பவளத்துக்கு அழத் தெரியாது. தன் தசையையே கரைத்து வாழும். நிறம் இருக்கும், உயிர் குறைந்துகொண்டே போகும். நான்காம் மாதம் தண்டு மடிந்து விழுந்தது.

பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். செங்கடலில் வாழும் இவ்வினப் பவளத்தை ஆராய்ந்த ஃபாப்ரீசியஸ், பெனயாகு, கெனின் ஆகியோர், அதன் முதன்மை உணவு விலங்கு மிதவையுயிர் அன்று, நுண்ணிய தாவர மிதவையுயிரே என்று 1995ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் காட்டினர். இறாலை வைத்துக்கொண்டு நான் கெஞ்சியது சைவ உணவுக்காரர் இலையில் மீன் பரிமாறியது போலாயிற்று. அதுவும் வேளைக்கு ஒருமுறை இட்டால் போதாது. ஓயாத ஓட்டத்தில் ஓயாமல் வரும் நுண்பாசி வேண்டும். பாசியை வீட்டிலேயே வளர்த்து இடைவிடாது சொட்டவிட்டு முயல்வோர் உண்டு. நெடுநாள் காப்பாற்றியவர் சிலரே. அந்த வசதி எனக்கில்லை. ஆதலால் அதை நான் மீண்டும் வாங்கவில்லை. வாங்காதிருப்பதும் வளர்ப்புக் கலையின் ஒரு பகுதி என்பதை ஓர் உயிரைக் கொன்றபின் கற்றேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழகத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். இந்தியாவில் 2001 முதல் கல்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சார்ந்த பவளங்கள் அங்கேயே இருக்கட்டும். இங்கு வளர்ப்போரும் வேண்டாத பவளத்தைக் கடலில் விடக் கூடாது. என் தொட்டியில் பட்டினிக்கு அஞ்சும் இதே சூரியப் பவளம், அட்லாண்டிக்கில் அயல் உயிராகப் புகுந்து, கரீபியனில் 1943இல் அறியப்பட்டு, பின்னர் பிரேசில் கரைப் பாறைகளிலும் பரவி அங்குள்ள உயிர்களை நெருக்குகிறது.

சென்ற ஆண்டு ஓர் இரவு ஊட்டிக்கொண்டிருந்தபோது, பம்பின் கறுப்பு மூடியின் அடிப்புறத்தில் ஒரு செம்புள்ளியைக் கண்டேன். கடுகளவுதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், உணர்கொம்புகள் தெரிந்தன. சூரியப் பவளம் ஈன்ற குஞ்சு நீந்திச் சென்று, விளக்கு படாத இடமாகப் பார்த்துக் குடியேறியிருந்தது. இப்போது அத்தகைய புள்ளிகள் பதினொன்று. ஊட்ட வேண்டிய வாய்கள் 54 ஆகிவிட்டன.

கவிஞர் பெருமக்களே, பவளவாய் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. எழுதுங்கள். எழுதும்போது, அந்தச் சிவப்பு பசியுள்ள வாய்கள் இருளில் இருந்து கட்டியது என்பதை ஒருகணம் நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, ஊட்டும் நாள். விருந்துக்கு இருக்க இயலாமைக்குப் பொறுத்தருள்க.