வலைக்கு முன்னால் நிற்கும் பிள்ளை

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கனடாவுக்கே போயிட்டார். 1986-இல் மொன்றியல் கனடியன்ஸ் அணி, பாட்ரிக் ருவா என்கிற 20 வயசுப் பையனைக் கோல் காக்க நிறுத்தியதே, ஸ்டான்லி கோப்பையே கைக்கு வந்ததே என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. தட்ட வேண்டியதுதான். ஆனா தம்பி பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிட்டார். மீதி வழிக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.

அது நம்ம ஊர்ப் புல்தரை ஹாக்கி இல்லீங்க. பனிக்கட்டி மேல ஆடுறது. கோல் நாலடி உயரம், ஆறடி அகலம். கெட்டி ரப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். முன்வரிசையில் ஆடும் சின்னப் பையனை எட்டு நிமிஷம் ஆடவிட்டு, உட்கார வைத்து, மெல்லப் பழக்கலாம். கோல்கீப்பரை அப்படிப் பழக்க முடியாது. நின்றால் 60 நிமிஷமும் நிற்கணும். மற்றவன் தப்புப் பண்ணினால் பின்னால ஒருத்தன் சமாளிப்பான். இவன் தப்புப் பண்ணினால் முதுகுக்குப் பின்னால சிவப்பு விளக்கு எரியும். நம்ம வீட்டில பால் பொங்கி வழிஞ்சா மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அங்கே 21,000 பேருக்குத் தெரியும்! (சிரிப்பு)

அதனால் அவனைப் பழக்குகிற இடம் கீழ்நிலை லீக்தான். ருவா 1985-இல் அந்த லீக்கில் ஷெர்புரூக் அணியோடு கால்டர் கோப்பை வென்றார், 19 வயசில். மறுவருஷம் மேலே வந்தபோது முன்னால் நின்றது யார்? 34 வயசு லாரி ராபின்சன். தலைவர் பாப் கெய்னி. பிள்ளை தடுமாறினால் தாங்கிப் பிடிக்கப் பெரியவங்க இருந்த வீடு அது.

இப்போ 2007-க்கு வாங்க. அதே கனடியன்ஸின் கீழ் அணி, ஹாமில்டன். கேரி பிரைஸ் என்கிற பையன், அதே 19 வயசில் அதே கால்டர் கோப்பையை வெல்றான். ஊரே அடுத்த ருவா வந்துட்டான்னு சொல்லிடுச்சு. ஒருத்தர் ஜெயிச்சது இன்னொருத்தர் தலையில் சுமையா ஏறுது பாருங்க! அக்டோபரில் மேலே ஏற்றினாங்க. ஜனவரியில் கீழே அனுப்பினாங்க. திரும்பக் கூப்பிட்டாங்க. பிப்ரவரி 2008-இல், 32 வயசு மூத்த கோல்கீப்பர் ஹுவேயை வேறு அணிக்குக் கொடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது 20 வயசுப் பிரைஸும் 22 வயசு ஹலாக்கும். கொடுத்த மேலாளர் யார் தெரியுமா? அதே பாப் கெய்னி! தான் 1986-இல் என்னவாக இருந்தோம் என்பதை அவரே மறந்துட்டாரோ என்னவோ.

2009-இல் பாஸ்டனிடம் நாலுக்கு நாலு தோல்வி. கடைசி ஆட்டத்தில் பிரைஸ் ஒரு சுலபமான வட்டைப் பிடிச்சதுக்குச் சொந்த ஊர்க் கூட்டம் கேலியாக் கை தட்டுச்சு. அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான். 21 வயசுப் பிள்ளைங்க அது. நம்ம வீட்டில அந்த வயசுப் பையன் தனியாக ரேஷன் கடைக்குப் போய் வந்தாலே திருஷ்டி சுத்திப் போடுறோம்.

அப்போ எப்பத்தான் ஏற்றுவது? கோப்பை வாங்கின கையோடு ஏற்றாதீங்க. கீழே ஒரு மாசம் தொடர்ந்து கோல் விட்டு, தூக்கம் கெட்டு, மறுபடி எழுந்து நிற்கிறானா, அதைப் பார்த்துட்டு ஏற்றுங்க. ஏற்றின பிறகும் மூத்தவரை இரண்டு வருஷமாவது பக்கத்தில் வைங்க. ஜெயிக்கிறது மட்டுமே தெரிஞ்ச பிள்ளைக்கு அந்தச் சிவப்பு விளக்கு புதுசு.

தம்பி இப்பவே துண்டுச்சீட்டில் எழுதறார், எனக்குத் தெரியும். 2015-இல் பிரைஸ் சிறந்த கோல்கீப்பர் விருதும், லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரே என்பார். வாங்கினார்! மூத்தவரை அனுப்பி ஏழு வருஷம் கழிச்சு. நடுவில் 2010-இல் பெஞ்சில் உட்கார்ந்து ஹலாக் ஆடுவதைப் பார்த்துக்கிட்டும் இருந்தார். அந்தப் பிள்ளை இரும்பு, தாங்கிச்சு. தம்பி, உங்க வீட்டுப் பிள்ளையை வைத்து அப்படிச் சோதனை பண்ணுவீங்களா? பதில் சொல்லிட்டு அடுத்த பேச்சைத் தொடங்குங்க. நடுவர் மணியைத் தொட்டுட்டார், உட்கார்றேன்.