சபுராளிகளின் முதுமையும் சர்வீஸ் பணமும்

 

வளைகுடா நாடுகளில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பும் நம் சபுராளிகளுக்கு அந்நாட்டு அரசாங்கம் ஓய்வூதியம் வழங்குமா என்னும் கேள்வி ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. இப்பொதுக்குழுவில் அதற்கே விடை கூற விழைகிறோம். வழங்காது என்பதே விடை. ஆனால் வேறொன்று உண்டு. அதைச் சரியாக அறியாமையால் நம்மவர் இழக்கும் தொகை சிறிதன்று.

சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான் ஆகிய ஆறு நாடுகளிலும் அரசின் முதுமை ஓய்வூதியம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. சவூதியில் வெளிநாட்டவர் பெயரில் முதலாளி சமூகக் காப்பீட்டுக்குச் செலுத்தும் 2 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு, ஓய்வூதியம் சேர்கிறதென்று சிலர் எண்ணுகின்றனர். அது பணியிட விபத்துக்கான காப்பீடே அன்றி வேறில்லை. ஓர் ஓமானியர் அமீரகத்தில் வேலை பார்த்தால் அவருடைய சொந்த நாட்டு ஓய்வூதியம் தொடர்வதற்கு அந்த ஆறு நாடுகளும் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டுள்ளன. இந்தியாவும் ஜெர்மனி, ஜப்பான், கொரியா போன்ற நாடுகளுடன் ஒப்பந்தங்கள் செய்துள்ளது. அங்கே வெளிநாட்டுத் தொழிலாளரும் ஓய்வூதியத்துக்குச் சந்தா கட்டுகின்றனர். வளைகுடாவில் கட்டுவதற்கே வழியில்லாதபோது எதை எதனோடு இணைப்பது?

எல்லா நாடுகளும் இப்படியல்ல. பிரித்தானியாவில் குடியுரிமை இல்லாதவரும் 10 ஆண்டுகள் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால், தாயகம் திரும்பிய பின்னும் ஓய்வூதிய வயதில் அதைப் பெறலாம். ஆனால் இந்தியாவில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடையாது. தொடங்கிய தொகையிலேயே அது நின்றுவிடும். சிங்கப்பூரின் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமாகியுள்ளது. தொழிலாளியும் முதலாளியும் தலா 2 விழுக்காடு செலுத்த வேண்டும்.

வளைகுடாவில் ஓய்வூதியத்தின் இடத்தில் இருப்பது நம்மவர் 'சர்வீஸ் பணம்' என்றழைக்கும் பணிக்கொடை. அரபியில் 'முகாஃபஅத்து நிஹாயத்தில் கித்மா' என்று எழுதியிருக்கும். முகாஃபஆ என்னும் சொல்லுக்கு அகராதியில் வெகுமதி என்று பொருள். அந்தச் சொல்லைக் கண்டு, அரபாப் மனமுவந்து தரும் அன்பளிப்பு என்று மயங்கிவிடலாகாது. சட்டப்படி அது தொழிலாளியின் ஹக். முதலாளியின் மீதுள்ள கடன்.

கணக்கு நாட்டுக்கு நாடு மாறுபடும். அமீரகத்தில் ஓராண்டு நிறைந்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியமும், அதன் பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் ஊதியமும் உண்டு. இங்கு ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. ஒப்பந்தத்தில் 'ராத்திப் அஸாஸி' என்றிருப்பது. மாதம் 2,000 திர்ஹம் பெறும் ஒருவருக்கு அடிப்படை 1,000, மீதம் அலவன்ஸ் என்று எழுதியிருந்தால், 12 ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைப்பது 10,500 திர்ஹம். முழுச் சம்பளமும் அடிப்படை என்று எழுதப்பட்டிருந்தால் 21,000 கிடைத்திருக்கும். ஆகவே பாதி இழப்பு முதல் நாள் கையெழுத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கடனை எழுதிக்கொள்வது பற்றிய ஆயத்தே குர்ஆனில் மிக நீண்ட ஆயத்தாக இருக்க, நம் பிள்ளைகள் படித்துப் பாராமல் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதை என்னென்பது!

ஊதியமின்றி ஊரில் தங்கும் மாதங்களும் கணக்கில் சேரா. மொத்தத் தொகை ஈராண்டு ஊதியத்தைத் தாண்டக்கூடாது என்பதால், ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சர்வீஸ் காலத்தால் தொகை கூடாது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு நன்மை செய்தது. முன்னர் தானே விலகுவோருக்குப் பிடித்தம் இருந்தது, அது நீக்கப்பட்டது.

சவூதியில் அந்தப் பிடித்தம் இன்னும் உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பின்பு ஒரு மாதச் சம்பளம் என்பது பொது விதி. அலவன்ஸும் இதில் சேரும். ஆனால் தானே விலகினால் ஈராண்டுக்குக் குறைந்தோருக்கு ஒன்றுமில்லை. ஐந்தாண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. பத்தாண்டு வரை மூன்றில் இரு பங்கு. பத்து நிறைந்தால் முழுமை. ஒன்பது ஆண்டு பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு விலகுபவருக்கு ஐந்து மாதச் சம்பளம்கூட முழுதாக வராது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஏழரை மாதச் சம்பளம். வீட்டு ஓட்டுநர், சமையலாளர் ஆகியோர் இந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி விதிகள் உள்ளன.

கம்பெனி நொடித்துப் போனால் சர்வீஸ் பணமும் அதனுடன் போய்விடும் என்னும் அச்சம் நியாயமானதே. பஹ்ரைன் இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. 2024 மார்ச் முதல், முதல் மூன்றாண்டுகளுக்கு 4.2 விழுக்காடும் பின்னர் 8.4 விழுக்காடும் முதலாளி மாதந்தோறும் அரசின் காப்பீட்டு அமைப்பில் செலுத்த வேண்டும். தொழிலாளி அங்கிருந்தே பெற்றுக்கொள்வார்.

இனி நாம் கூற வருவது சிலருக்குக் கசக்கலாம். மாதந்தோறும் வருவதே ஓய்வூதியம். சர்வீஸ் பணமோ ஒரே நாளில் வந்து, பெரும்பாலும் ஒரே மாதத்தில் மறைவது. மகளின் கைக்கூலிக்கும் மாடிக் கட்டடத்துக்கும் அது போனபின், அறுபது வயதில் மருந்துக்கு மகனின் முகம் பார்த்து நிற்கும் பெரியவர்களை நம் மஹல்லாவிலேயே காண்கிறோம். அந்தப் பணம் அவருடைய முதுமைக்கு உரியது. கைக்கூலி கேட்பவர் யாராயினும், அம்முதியவரின் சோற்றில் கை வைக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். வேலையிலிருக்கும்போதே ஒருவர் மௌத்தாகிவிட்டால், அத்தொகை அவர் விட்டுச்சென்ற சொத்து. கடன்களும் வஸிய்யத்தும் போக, எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. விதவையையும் பெண்மக்களையும் ஒதுக்கிவிட்டுச் சகோதரர்கள் பெற்றுக்கொள்ள எவ்வித உரிமையும் இல்லை.

முக்கியமான ஒன்று. விசாவை கேன்சல் செய்யும் நாளில் 'முகாலஸா நிஹாயிய்யா' என்னும் தாளை நீட்டுவார்கள். எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எவ்வித உரிமையும் கோரேன் என்பது அதன் சாரம். விமான டிக்கெட் கைக்கு வந்த மகிழ்ச்சியில், பணம் வருமுன்பே கையெழுத்திட்டு வந்தோர் அந்தத் தாளின் நகலை நம்மிடம் ஓதிக் காட்டச் சொல்கையில், நாம் ஓதத்தான் முடிகிறது. அமீரகச் சட்டப்படி பணி முடிந்து 14 நாட்களுக்குள் பாக்கி அனைத்தும் கொடுக்கப்பட வேண்டும். பணத்தை எண்ணி வாங்கிய பின்பே கையெழுத்து இடப்பட வேண்டும்.

ஏமாற்றப்பட்டோர் முறையிடக் காலவரம்பு உண்டு. சவூதியில் பணி முடிந்த நாளிலிருந்து 12 மாதங்கள். அமீரகத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஈராண்டுகள். ஊருக்குத் திரும்பி அந்த வரம்பு கடவாதிருப்போர் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றுடன் அஸருக்குப் பின் நம்மைச் சந்திக்கலாம். அரபியில் உள்ளதைத் தமிழில் எழுதித் தருவோம். புதிதாகப் பயணம் செல்லவிருப்போர் ஒப்பந்தத்தை ஒப்பமிடும் முன்பே கொண்டுவருவார்களாக. வஸ்ஸலாம்.