லேயர்ட்டீஸின் வாள்



1603-இல் முதன்முதல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு வினா எழும். தந்தையைக் கொன்றவன் இன்னான் என்று அறிந்த பின்னும் இளவரசன் ஏன் தயங்குகிறான்? நானும் நெடுங்காலம் லேயர்ட்டீஸைச் சுட்டி, "இவனன்றோ செயல்வீரன்!" என்று கூறி வந்தேன். அது பிழையென்று ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். அன்று என்னிடம் பயின்றோர் பொறுத்தருள்க.

ஹாம்லெட்டின் தந்தையை நஞ்சிட்டுக் கொன்றவன் சிற்றப்பன் கிளாடியஸ். லேயர்ட்டீஸின் தந்தை பொலோனியஸோ, திரைக்குப் பின் ஒளிந்திருந்தபோது, அரசனென்று கருதிய ஹாம்லெட்டின் வாளுக்கு இரையானவர். செய்தி கேட்டுப் பிரான்ஸிலிருந்து விரைந்து வந்த லேயர்ட்டீஸ், கூட்டத்துடன் அரண்மனைக் கதவை உடைத்து நுழைகிறான். கோயிலினுள்ளேயே பகைவனைக் கொல்லவும் துணிந்தவன் அவன். ஹாம்லெட்டோ, தனியே மண்டியிட்டு வழிபட்ட கிளாடியஸைக் கண்டும் வாளை உறையிலிட்டவன். (இரக்கத்தால் அன்று, வழிபடுங்கால் மாண்டால் அப்பாவி சுவர்க்கம் புகுவானே என்ற கணக்கு!)

ஆயினும், அவ்விரைவு லேயர்ட்டீஸை எங்கே கொண்டு சேர்த்தது? அரசனை மிரட்ட வந்தவன், சிறுபொழுதில் அவ்வரசனுக்கே கைக்கருவியாகிறான். வாட்போட்டியில் முனை மழுக்காத வாளை எடுக்கச் சொன்னவன் கிளாடியஸ். அதில் நஞ்சு தோய்க்கலாம் என்றவனோ லேயர்ட்டீஸ். ஊர் சுற்றும் வைத்தியனிடம் அந்நஞ்சை முன்னமே வாங்கி வைத்திருக்கிறான்! தந்தைக்காகப் பழிதீர்க்க வந்த மகன், நஞ்சிட்டுக் கொன்ற கிளாடியஸின் வழியையே தானும் மேற்கொள்கிறான்.

நார்வே இளவரசன் பார்ட்டின்பிராஸும் தந்தையை இழந்தவனே. அவன் பெரியோர் சொற்கேட்டுப் பழியைக் கைவிட்டான். இறுதியில் டென்மார்க்கின் அரியணை அவனையே நாடி வருகிறது.

ஐந்தாம் அங்கத்திற்கு வருவோம். போட்டிக்கு முன் ஹாம்லெட் அவையறிய மன்னிப்பு வேண்டுகிறான். அவ்வன்பை அன்பாகவே ஏற்பதாக லேயர்ட்டீஸ் மொழிகிறான்; மொழிந்த கையோடு நஞ்சு வாளைத் தேர்ந்தெடுக்கிறான். இடையில் மனச்சான்று உறுத்துகிறது. ஆயினும் குத்துகிறான். கைகலப்பில் வாள்கள் மாறுகின்றன. தான் தோய்த்த நஞ்சு தன் உடலிலும் ஏறுகிறது. ஹாம்லெட்டுக்கென வைத்த நஞ்சுக் கிண்ணத்தைப் பருகி அரசியும் வீழ்கிறாள். அப்பொழுதே அவன் வாய் திறந்து, எல்லாவற்றிற்கும் காரணன் அரசனென்று உரைக்கிறான். அதன் பின்னரே கிளாடியஸ் ஹாம்லெட்டின் கையால் மடிகிறான்.

இறக்குந் தறுவாயில் லேயர்ட்டீஸ், ஒருவரையொருவர் மன்னிப்போம் என்று வேண்டுகிறான். ஹாம்லெட் இசைந்து விடை கூறுகிறான். அதைக் கேட்க லேயர்ட்டீஸ் உயிரோடில்லை.