அறைக்கேற்ற ஒலி



திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் இருக்கின்றது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் (1813–1846) கீர்த்தனைகளை முதன்மையாகக் கொண்ட கச்சேரிகள் ஆண்டுதோறும் ஒன்பது நாள் அங்கே நடைபெறுகின்றன. அம்மண்டபத்தின் கூரையில் மண்பானைகள் தொங்குவதைக் காணலாம். ஒலி செவ்வையாகக் கேட்பதற்கென்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. பாடுவோர் எத்துணைச் சிறந்தவராயினும் கூடம் ஒத்துழைக்காவிடில் பாட்டுச் சிறவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்கு, மாலையில் வீட்டில் கேட்கும் இசையே சபா. நம் குழந்தைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் காதின் வழியாகவே வந்து சேர்கின்றது. ஆதலால் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கவேண்டுவது நமக்கு வெறும் ஆடம்பரமன்று. புதிய ஸ்பீக்கர்களின் விலை எட்டாதபோது பழையவற்றை நாடுகிறோம். அங்கேதான் விழிப்பு வேண்டும்.

நாமும் முதலில் பெட்டியின் பருமனைக் கண்டு மயங்கினோம். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து இரு பெரிய பெட்டிகளை வாங்கி வந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தின் மூலைகளில் நிறுத்தினோம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி அறையெங்கும் முழங்கிற்று. வலந்தலைச் சொற்களும் பாட்டின் சாகித்தியமும் அதனுள் அமிழ்ந்தன. வீட்டுப் பெரியவர், “போதும், அணைத்துவிடுங்கள்” என்றார்.

திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் இதற்கும் மூன்று பொருத்தம் பார்க்கவேண்டும்.

முதலாவது ஓம் பொருத்தம். ஆம்ப்ளிபயரில் 8 ஓம் என்று மட்டும் குறித்திருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தல் ஆகாது. மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகி ஆம்ப்ளிபயர் சூடேறிப் பழுதாகலாம். மல்டிமீட்டரால் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6 ஓம் அளவே காட்டும். அதனைக் குறையென்று கொள்ளற்க.

இரண்டாவது ஆற்றல் பொருத்தம். ஒரு வாட் மின்னாற்றலில், ஒரு மீட்டர் தொலைவில், ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலிக்கின்றது என்று கேளுங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தந்து பெறும் ஒலியை 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். சிறிய ஆம்ப்ளிபயர் உடையோர் டெசிபல் மிகுந்த ஸ்பீக்கரைத் தேடுவதே சிக்கனம். சிறிய ஆம்ப்ளிபயரை அதன் எல்லை மீறி முடுக்கினால், கீச்சொலி தரும் ட்வீட்டர் கருகிவிடவும் கூடும்.

மூன்றாவது அறைப் பொருத்தம். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவர்களும் ஒலியை எதிரொலிக்கும்; பாய், திரை, நூல் அலமாரி ஆகியவை அதனைத் தணிக்கும். சுவரையோ மூலையையோ நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி ஓங்கும். எனவே சிறிய கூடத்திற்கு நடுத்தரமான பெட்டிகளே போதும். சுவரிலிருந்து ஒன்றரை அடியேனும் விலக்கி வைக்கவேண்டும்.

இவற்றோடு வயதையும் பார்க்கவேண்டும். இருமுறை பருவமழை காணும் திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுதி. கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பஞ்சு அதனால் நாளடைவில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். முன்துணியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்துங்கள்; உரசும் ஓசை கேட்டால் உள்ளிருக்கும் சுருள் கோணியிருக்கின்றது. கேட்டுப் பார்க்கும்பொழுது இரைச்சல் மிக்க இசையைத் தேராமல், தம்புராவுடன் ஒருவர் தனித்துப் பாடுவதை ஒலிக்கச் செய்யுங்கள். பழகிய பாட்டானால் குறை உடனே புலப்படும்.

நாம் அப்பெரிய பெட்டிகளை நஷ்டத்திற்கு விற்று, நடுத்தரமான ஒரு ஜோடியை வாங்கினோம்; மூலையை விட்டு விலக்கி வைத்து, தரையில் பாய் விரித்தோம். அன்று மாலை பாட்டு முடியும்வரை பெரியவர் அணைக்கச் சொல்லவில்லை. அருகிருந்த குழந்தை ஒரு சொல்லைக் காட்டி, “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்டது.