உழைக்கும் வயதிலேயே ஓய்வுக்கால ஏற்பாடு

கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது அது மைசூருடன் இணைந்தது. பின்னர் 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று சாமராசநகர் மாவட்டம் பிரிந்தது. மாதேசுவரன் மலைக் காட்டோரத்திலுள்ள மார்டள்ளியில் நமக்கு வீட்டிலே தமிழ், அலுவலகத்திலே கன்னடம். ஓய்வுக்காலத்தைப் பற்றிய பேச்சில் இவ்வரலாறு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். நம் இளைஞர் பலர் திருப்பூரிலும் கோவையிலும் உழைக்கின்றனர். முதுமையிலே இவ்வூருக்குத் திரும்புகின்றனர். உழைத்த இடம் ஒரு மாநிலம், உதவி கேட்கும் இடம் மற்றொரு மாநிலம் என்னும் நிலை நமக்கு உண்டு. ஆதலின் ஏனையோரைவிட நாம் சற்று முன்கூட்டியே சிந்திக்க வேண்டியவர்கள்.

அரசாங்க ஊழியருக்கு ஓய்வு பெறும் நாள் நியமிக்கப்பட்டிருக்கிறது. மானாவாரி நிலத்திலே கேழ்வரகு விதைப்பவருக்கும் கல் உடைப்பவருக்கும் அப்படி ஒரு நாள் இல்லை. இடுப்பு வலி ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிடுகிறது. ஜெர்மனி நாட்டில் பிஸ்மார்க் 1889இல் தொழிலாளருக்கு முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொணர்ந்தபொழுது, எழுபது வயது நிறைந்தோர்க்கே அது உரியதாயிற்று. அவ்வளவு வயது வரை கல் உடைக்கும் வேலையில் எவர் நிற்பார்?

கருநாடக அரசின் சந்தியா சுரக்ஷா திட்டம் 2007இல் தொடங்கியது. அறுபத்தைந்து வயதான ஏழையர்க்கு உரிய அவ்வுதவித்தொகை 2021இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது நன்றியோடு பெறத்தக்கதுதான். எனினும் மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் இத்தொகை பங்கிட்டுக் கொடுக்கப் போதுமா என்பதை வீட்டுக் கணக்கு எழுதுவோர் அறிவர். எஞ்சியதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

தேடுவதற்குக் காலம் எவ்வளவு உதவுகிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். மத்திய அரசாங்கம் 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் பதினெட்டு முதல் நாற்பது வயது வரையிலுள்ளோர் சேரலாம்; வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர இயலாது. அறுபது வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற வேண்டுமாயின், பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டுகிறார். நாற்பது வயதில் சேர்பவர் கட்டுவது 1,454 ரூபாய். முன்னவர் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 1,05,840 ரூபாய். பின்னவர் இருபது ஆண்டுகளிலேயே 3,48,960 ரூபாய் கட்டிவிடுகிறார். இருவரும் பெறுவது ஒரே ஓய்வூதியந்தான். இளையவரின் பணத்தோடு வட்டியும் நீண்ட நாள் உழைத்தது என்பதைத் தவிர இதில் மாயம் ஒன்றுமில்லை.

மாதந்தோறும் கட்டுவது நம் போன்றோர்க்கு இயலுமா? நமக்கு மாதச் சம்பளம் ஏது? மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ ஆறு மாதங்களுக்கு ஒருமுறையோ செலுத்தவும் இத்திட்டத்தில் இடமுண்டு. வெள்ளாமை வீடு சேரும் சமயத்துக்கு ஏற்ப அரையாண்டுத் தவணையைத் தேர்ந்துகொள்வது விவசாயிக்குப் பொருந்தும். தவணை நாளிலே வங்கிக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். திருவிழாச் செலவு அதனை முந்திக்கொள்ளலாகாது.

ஆயினும் இத்திட்டத்தை மட்டும் நம்பி இருந்துவிடுவது தகாது. அந்த 5,000 ரூபாய் விலைவாசியோடு சேர்ந்து உயர்வதில்லை. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறுமாயின், ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளில் விலைகள் இரட்டிக்கும். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் எட்டு மடங்காகும். இன்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அறுபதில் வரும் 5,000 ரூபாய், இன்றைய 625 ரூபாய்க்கு வாங்குமளவே பொருளை வாங்கும். விளம்பரத் தட்டிகளில் இக்கணக்கு எழுதப்படுவதில்லை. கூலி உயர உயர வேறு சேமிப்பையும் உயர்த்திக்கொண்டு போவதற்கு இதுவே காரணம்.

வெளியூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர்க்கு வருங்கால வைப்புநிதி உண்டு. வேலை மாறும்பொழுதெல்லாம் அதனை எடுத்துச் செலவிட்டுவிடும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. தங்கையின் திருமணம், கிணற்றுக்கு மோட்டார் என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். ஆனால் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி, பத்து ஆண்டுச் சேவை இருந்தால்தான் ஐம்பத்தெட்டு வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒன்பது ஆண்டு உழைத்து, பங்கைப் பணமாக வாங்கிவிட்டவருக்கு அந்த ஒன்பது ஆண்டும் கழிந்தது கழிந்ததே. பத்தாண்டு நிறையாமல் விலகுபவர் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, அடுத்த வேலையின் சேவையோடு அதனைக் கூட்டிக்கொள்ளலாம். பெங்களூரிலிருந்து திருப்பூருக்கு மாறினாலும் இது செல்லும். மாநில எல்லை இங்கே குறுக்கிடுவதில்லை.

எல்லை குறுக்கிடுவது நம் பெயரிலேதான். தமிழிலே தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். கன்னடப் பதிவிலே அது பின்னே போகும். ஞானஸ்நானப் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிக்கூடப் பெயர் வேறு விதமாகவும் இருக்கும். பிறந்த தேதியோ ஆளுக்கு இரண்டு! ஆதார் அட்டையிலுள்ள தேதியே பிறப்புக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது. கோயில் பதிவேட்டையும் பள்ளிச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் இன்றே ஒருங்கே வைத்துப் பார்த்து, வேறுபாட்டைத் திருத்திவிடுதல் நலம். அறுபதாவது வயதில் ஹனூருக்கும் கொள்ளேகாலுக்கும் பேருந்தில் அலைவது எளிதன்று.

மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பாரும் நம்மில் உளர். பார்த்துக்கொள்ளும் மக்கள் மிகப் பலர், அதில் ஐயமில்லை. எனினும் நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்குத் தானமாக எழுதுவோர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அவ்வாறு எழுதியிருந்து பராமரிப்புத் தவறினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்த் தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். வாய்ச்சொல்லாகக் கூறிய நிபந்தனையை மெய்ப்பிப்பது கடினம். பிள்ளைகள்மீது ஐயுறவு என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. நல்ல பிள்ளைகள் இவ்வரியைக் கண்டு வருந்தமாட்டார்கள்.

இறுதியாகப் பெண்களைப் பற்றி ஒன்று. அடல் திட்டத்தில் கணவர் இறந்தபின் அதே ஓய்வூதியம் மனைவிக்குத் தொடர்கிறது. அதனால் கணவர் ஒருவர் சேர்ந்தாற் போதும் என்று வீடுகளில் முடிவு செய்துவிடுகின்றனர். மனைவியும் தம் பெயரில் தனியே சேரலாம்; களையெடுக்கும் கூலியிலும் கறவை மாட்டின் பால் பணத்திலும் அவர் பங்கு உண்டல்லவா? அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்பொழுது இரண்டு விண்ணப்பப் படிவங்களாகக் கேட்டு வாங்கி வாருங்கள்.