மென்பொருளும் புலிப்பொறியும்

(தமிழன்பர் திங்கட் கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் பேசும்போதெல்லாம் தொல்காப்பியத்தையோ குறளையோ எடுத்துக்கொள்வது வழக்கம். இன்று வரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலர் சற்றே நகைத்தார். "புலவரையா, பாட்டு வரியா?" என்று கேட்டார். அன்று. கணினிக்கும் கைப்பேசிக்கும் நாம் விலை கொடுத்து வாங்குகின்ற மென்பொருளின்மேல் விழும் விற்பனை வரி. இதில் புலவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்களானால், பெரிய வேலை இருக்கிறது என்பேன். ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று வினவி, அதன் விடையைக் கொண்டே இவ்வரி யார் கைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். சொல்லாராய்ச்சி நம் தொழிலன்றோ?

பட்டினப்பாலை படித்தவர்களுக்குக் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறை நினைவிருக்கும். கடலிலிருந்து கரைக்கு வந்த பண்டமும், கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் பண்டமும் அங்கே மலைபோற் குவிந்து கிடக்கும். உல்கு கொள்வார் அவற்றின்மேல் சோழனின் புலிப்பொறியை இட்டு வெளியே விடுவர். உல்கு என்பது சுங்கத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர்; வள்ளுவரும் ஆண்ட சொல். பொறியைப் பார்த்த அளவிலேயே, இம்மூடை எந்நாட்டுத் துறையில் வரி கண்டது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கிவிடும். மூடைக்குப் பொறியிடலாம். மென்பொருள் மூடையில் வருவதில்லையே! கம்பி வழியும் காற்று வழியும் வந்து கைப்பேசிக்குள் புகுந்துகொள்கிறதே! அதன்மேல் எவ்விடத்தில் புலியைப் பொறிப்பது?

என் பட்டறிவு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு ஆனித் திங்களில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஐயா, தமிழில் ஒற்றுப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது, ஆண்டுக் கட்டணம் செலுத்தினாற் போதும்" என்றார். முப்பது ஆண்டுகளாகச் செங்கோல் மையால் ஒற்றுப் போட்டுக் கை ஓய்ந்தவன் நான். உடனே வாங்கச் சொன்னேன். விலை 1000 உருபா, வரி 180 உருபா, ஆக 1180. விலைச்சீட்டு ஆங்கிலத்தில் வந்தது. (தமிழ்ப்பிழை திருத்தும் கருவிக்கும் ஆங்கிலத்தில்தான் சீட்டு!) அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். விற்றவர் இருப்பது பெங்களூர். வாங்கியவன் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமை. 'வழங்கிய இடம்' என்ற கட்டத்தில் கருநாடகம் என்றிருந்தது. வரி 180 உருபாவில் 90 நடுவணரசுக்கு, 90 கருநாடக அரசுக்கு. வாங்கியவன் இங்கே, பயன்படுத்துவது இங்கே, திருத்தப்படுவது தமிழ். வரியின் பாதியோ காவிரி வரும் வழியில் எதிர்த்துப் போயிற்று!

கருநாடகத்தாரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை, அறியவுமில்லை. இது எங்ஙனம் நேர்ந்தது என்று தேடிப் போனபோதுதான் இந்த வரியின் முழு வரலாறும் என் கண்முன் விரிந்தது.

இந்தியத் துணைக்கண்டத்தில் பொது விற்பனை வரியை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம். ஆண்டு 1939. அரசின் தலைவராக இருந்தவர் இராசாசி. மதுவிலக்கினால் போன வருவாயை ஈடுகட்ட அவர் கண்ட வழி இது. இந்தியைப் பள்ளிகளிற் புகுத்திய அவர் செயலை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்த ஒன்றைப் பிற மாகாணங்கள் எல்லாம் பார்த்துப் பின்பற்றின என்பதையும் மறைப்பதற்கில்லை. பின்னர் வந்த அரசியல் சட்டமும் பண்டங்களின் விற்பனை வரியை மாநிலங்களின் பட்டியலில் வைத்தது. ஒரு மாநிலத்துக்குத் தன் காலில் நிற்கும் வலிமை ஓரளவேனும் இருந்தது என்றால் அது இந்த வரியினால்தான்.

பண்டம் என்றால் மாநிலத்துக்கு. பண்டமல்லாத பணிக்கு? அதை 1994 முதல் நடுவணரசு எடுத்துக்கொண்டது. இவ்விரண்டுக்கும் நடுவே வந்து நின்றது மென்பொருள்.

ஆந்திர அரசு மென்பொருளுக்கு விற்பனை வரி கேட்டது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு நிறுவனம் மறுத்து வழக்காடியது. அவர்கள் விற்றவை ஆரக்கிள், இலோட்டசு போன்ற ஆயத்த மென்பொருள்கள். "நாங்கள் விற்பது அறிவு, அறிவைத் தொடவும் முடியாது, தூக்கவும் முடியாது, குறுவட்டு வெறும் கலம், கலத்தின் விலை சில காசு, ஆகவே இது பண்டமன்று" என்பது அவர்கள் வழக்கு. 2004ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்புரைத்தது. நூலும் அறிவுதான், ஓவியமும் அறிவுதான், இசைத்தட்டும் அறிவுதான்; அவ்வறிவு ஒரு கலத்தில் ஏறி, வாங்கவும் விற்கவும் கொண்டுசெல்லவும் வைத்துக்கொள்ளவும் தக்கதாகிவிட்டால் அது பண்டமே என்பது அத்தீர்ப்பின் சாரம். மாநிலம் வென்றது.

இங்கே ஒன்று சொல்ல ஆசை. இதற்கு 'மென்பொருள்' என்று பெயரிட்ட தமிழன் எவனோ, அவன் அந்த ஐவருக்கும் முன்னரே தீர்ப்பெழுதிவிட்டான். பொருள் என்றே பெயர் வைத்துவிட்டானல்லவா! தொட முடியாததால் 'மென்'. விலைக்கு விற்பதால் 'பொருள்'. நம் சொல்லாக்கத்தைக் கேலி பேசுகிறவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு மே 16 முதல் நடுவணரசு மென்பொருளைப் பணி என்று கொண்டு தன் பணிவரியையும் விதித்தது. ஒரே மென்பொருளுக்கு மாநிலத்தார் பண்டம் என்று ஒரு வரியும், நடுவணார் பணி என்று ஒரு வரியும் கேட்டனர். வணிகர்கள் சென்னை உயர்நயன்மன்றத்துக்கு ஓடினர். 2010இல் அம்மன்றம் சொன்னது: மென்பொருள் பண்டந்தான், எனினும் கைமாறியது பண்டமா, பயன்படுத்தும் உரிமை மட்டுமா என்பதை அந்தந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும், ஆகவே நடுவணரசின் வரி செல்லும். ஆக, இரண்டு கணவாயிலும் சுங்கம் கட்டிய பழைய வண்டிக்காரன் நிலைதான் வாங்கியவனுக்கு.

2017ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 'சரக்கு மற்றும் சேவை வரி' என்று தமிழில் எழுதுகிறார்கள். 'மற்றும்' தமிழ் மரபன்று. 'சேவை' தமிழே அன்று. நான் சரக்குப் பணி வரி என்றே சொல்வேன். இச்சட்டத்தில், குறுவட்டில் வந்தால் மென்பொருள் சரக்கு. இணையத்தில் பதிவிறக்கினால் அதே மென்பொருள் பணி. இரண்டுக்கும் வரி 18 விழுக்காடு. இன்று குறுவட்டு வாங்குவார் யார்? ஆகவே பொருள் என்று பெயர் பெற்றது முழுவதும் பணியாகிவிட்டது.

விழுக்காட்டை முடிவு செய்யும் உரிமையும் நம் சட்டமன்றத்தைவிட்டு ஒரு பொது மன்றத்துக்குப் போயிற்று. அங்கே நடுவணரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடை. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்கு மாணவனைக் கேளுங்கள்: எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கைதூக்கினாலும் நடுவணார் வேண்டாமென்றால் நிறைவேறாது. மாநிலத்தின் தனி வரிக்கு விட்டுவைக்கப்பட்டவற்றுள் பெரியவை குடிக்கும் மதுவும், கன்னெய்யும் டீசலும். கள்ளை ஒழித்ததால் வந்த இழப்பை நிரப்பப் பிறந்த வரி போய், இன்று கள்ளுக்காசே எஞ்சி நிற்கிறது பாருங்கள்!

இப்போது என் 90 உருபாவுக்கு வருகிறேன். புதிய சட்டத்தின் அடிப்படை, நுகர்கின்ற இடத்துக்கே வரி என்பது. இக்கொள்கையில் எனக்குக் குறையில்லை. உலகமெங்கும் அப்படித்தான் மாறி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், மின்வழி விற்கும் பணிக்கு வாங்குபவர் வாழும் நாட்டின் வரியே. அமெரிக்காவில் 2018இல் தென் தக்கோட்டா மாநிலம் வேபேர் நிறுவனத்தின்மேல் பெற்ற தீர்ப்புக்குப் பிறகு, தன் மண்ணில் கடையே இல்லாத விற்பனையாளரிடமும் ஒரு மாநிலம் வரி கேட்கலாம். மென்பொருளுக்கு வரி உண்டா இல்லையா என்பதை மட்டும் அங்கே ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்கிறது. கலிபோர்னியாவில் வட்டில் வாங்கினால் வரி, பதிவிறக்கினால் இல்லை. நியூயார்க்கில் இரண்டுக்கும் உண்டு. மாநிலம் என்றால் அது!

நம் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வாங்குபவன் வணிகப் பதிவில்லாத என்னைப் போன்ற தனியாளாக இருந்தால், விற்பவரின் ஏட்டில் அவன் முகவரி இருந்தால் அவன் மாநிலம். இல்லாவிட்டால் விற்பவரின் மாநிலம். 50,000 உருபாவுக்குக் குறைந்த விற்பனைக்கு முகவரி கேட்கவேண்டும் என்ற கட்டாயமுமில்லை. 1180 உருபாவுக்கு யார் முகவரி கேட்பார்? வாங்குபவன் கொடுக்கும் தொகை இரண்டு வழியிலும் ஒன்றேயாதலால் அவனுக்கு வலிப்பதில்லை. வலிக்காத காயம் ஆறாது என்பார் என் பாட்டி.

2022ஆம் ஆண்டு திசம்பரில் விதியைத் திருத்தினார்கள். மின்வழிப் பணிக்கு, தொகை எவ்வளவு சிறிதாயினும், வாங்குபவரின் மாநிலப் பெயர் விலைச்சீட்டில் இருந்தே ஆகவேண்டும். 2023இல் அப்பெயரே முகவரியாகக் கொள்ளப்படும் என்றார்கள். அப்படியிருந்தும் விற்பவர் பலர் தங்கள் மாநிலத்தையே எழுதிவந்ததால், 2024 திசம்பர் 31ஆம் நாள் நடுவண் வரி வாரியம் மீண்டும் ஒரு சுற்றறிக்கை விடவேண்டியதாயிற்று. மாநிலப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழியை விற்பவரே அமைக்கவேண்டும் என்பது அதன் கட்டளை.

தோழர்களே, அதுதான் இன்றைய புலிப்பொறி. மூடையின்மேல் இடமுடியாத பொறியைச் சீட்டின்மேல் இடுகிறார்கள். 1969 சனவரியில் 'தமிழ்நாடு' என்று நம் மாநிலத்துக்குப் பெயர் வந்ததே, அப்பெயருக்காகச் சங்கரலிங்கனார் உண்ணாது உயிர்விட்டாரே, அந்தப் பெயரை ஒரு கட்டத்தில் எழுதினால் வரியின் பாதி இங்கே வருகிறது, எழுதாவிட்டால் வராது. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்க்கு இனி நான் என் விலைச்சீட்டைக் காட்டுவேன்.

இன்னொன்று. முன்பு மென்பொருளை ஒருமுறை வாங்கினால் ஒருமுறை வரி. இன்றோ பலவும் திங்கட் கட்டணத்துக்கு மாறிவிட்டன. 6000 உருபாவுக்கு ஒருமுறை வாங்கி ஐந்தாண்டு வைத்திருந்தவன் கட்டிய வரி 1080. திங்களுக்கு 500 உருபா கட்டுகிறவன் ஓராண்டிலேயே 1080 கட்டிவிடுகிறான், ஐந்தாண்டில் 5400. சொந்த வீடு வாடகை வீடாயிற்று. வாடகைக்கு வரியும் சேர்ந்தது. விலை இல்லாமல் தருவதற்கு வரியில்லை என்பதையும் சொல்லவேண்டும். எ-கலப்பை போன்ற எழுதுகருவிகளைத் தமிழிளைஞர்கள் இலவயமாகவே வழங்கினார்கள். அவற்றைக்கொண்டுதான் நம்மிற் பலர் கணினியில் தமிழ் தட்டக் கற்றோம்.

ஆனால் எல்லாரும் இலவயமாகவே தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அறமாகாது. உழைத்தவன் உண்ணவேண்டும். என் நெஞ்சை உறுத்துவது வேறு. அச்சிட்ட நூலுக்கு வரியே இல்லை, நன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கரிக்கோலுக்கும் அழிப்பானுக்கும் பயிற்சிச் சுவடிக்கும் வரி நீக்கினார்கள், மிக நன்று. அச்சிட்ட நூலின் மின்வடிவத்துக்கு 2018 சூலை முதல் 5 விழுக்காடு. அச்சேறாமல் மின்வடிவிலேயே பிறந்த அகராதிக்கோ, பிழைதிருத்திக்கோ, பார்வையற்றோர்க்குத் தமிழ் படித்துக்காட்டும் மென்பொருளுக்கோ விலை வைத்து விற்றால் 18 விழுக்காடு! என் அலமாரியில் இருக்கும் அகராதிக்கு வரியில்லை. என் மாணவன் கைப்பேசியில் இருக்கும் அகராதிக்கு உண்டு. இரண்டிலும் இருப்பது அதே தமிழ்ச்சொல்தானே? கலம் வேறானாலும் பண்டம் ஒன்றே என்று 2004இல் சொன்ன முறை இங்கே எங்கே போயிற்று?

ஆண்டு வருவாய் 20 இலக்கம் உருபாவுக்குட்பட்ட சிறு மென்பொருளாளர் வரிப்பதிவு செய்யவேண்டியதில்லை என்று ஒரு தளர்வு இருக்கிறது. சிறியவராகவே இருந்தால் பிழைக்கலாம், வளர்ந்தால் 18. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கும் இதே 18 தானே என்பீர்கள். அவனுக்கு உலகமெல்லாம் சந்தை; தமிழ்ப் பிழைதிருத்தி வாங்குவோர் எத்தனை பேர்?

மொழிக்கருவிகளுக்கும் மின்னகராதிகளுக்கும் நூலுக்குரிய நிலையைத் தரவேண்டும் என்று நம் அரசின் பேராளர் அப்பொது மன்றத்தில் எழுப்பவேண்டும். கன்னடர்க்கும் மலையாளியர்க்கும் வங்கர்க்கும் இதனால் நன்மையே. அவர்களையும் சேர்த்துக்கொண்டே கேட்கலாம். வேண்டுகோள் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்; வாயிலில் உள்ள மேசையில் இருக்கிறது; படித்துப் பார்த்து, உடன்பட்டால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

என் பிழைதிருத்திக்கு 2025இல் கட்டணம் புதுப்பித்தேன். இம்முறை மாநிலம் எது என்று அவர்களே கேட்டார்கள். சீட்டில் 33 என்ற குறியெண்ணும் பக்கத்தில் தமிழ்நாடு என்ற பெயரும் வந்தன, ஆங்கில எழுத்தில்தான். 33 நம் மாநிலத்துக்குரிய வரிக்குறி எண், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் தம்பிகள் சிலர் இப்பொழுதே கைப்பேசியை எடுத்துத் தம் சீட்டுகளைத் தேடுவது தெரிகிறது. தேடுங்கள். வேறு மாநிலம் இருந்தால் விற்றவருக்குத் தமிழிலேயே ஒரு மடல் எழுதுங்கள். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.