வேளாங்கண்ணிக்குப் போகும் வண்டி

 

ஆகஸ்ட் 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புத் திருநாள் வரை நம் பக்கத்துச் சாலைகளில் காவி உடுத்தி நடந்து போகிறவர்களைப் பார்ப்போம். நடக்க முடியாதவர்கள் இந்நேரம் வேன் பேசி முடித்திருப்பீர்கள். இன்று அந்த வேன்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நற்செய்தியை விட்டுவிட்டு வேனா என்று வானொலியை மூடிவிடாதீர்கள். நற்செய்தியும் வரும்.

எங்கள் ஊர் கானாடுகாத்தான். குடும்பத்தோடும் சட்டிபானையோடும் பயணம் போவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நகரத்தார் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து போகும்போது, அரிசியும் பாத்திரமும் ஏற்றிய மாட்டு வண்டிகளும் உடன் போகும். புறப்படுவதற்கு முன் வண்டியின் அச்சுக்கு மை போடுவார்கள் என்று எங்கள் அப்பத்தா சொல்வார். வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை. மை போடாத வண்டி ஊர் எல்லையிலேயே கத்த ஆரம்பித்துவிடுமாம்.

எங்கள் அப்பா ஒரு வீட்டில் கார் ஓட்டியவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கினார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்குப் பலகை வாங்கிவந்து பெஞ்சு அடித்தார். பகலில் உட்காரலாம், இரவில் மடக்கை விரித்தால் நாலு பேர் படுக்கலாம். பெஞ்சுக்கு அடியில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு. சன்னலுக்குக் கொசுவலை, அதன்மேல் அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலை. ஆத்தங்குடிக் கல் பதிக்காததுதான் குறை என்று சித்தப்பா கேலி செய்வார். பிப்ரவரியில் ஓரியூர், செப்டம்பரில் வேளாங்கண்ணி. கோடை விடுமுறையில் ஒருமுறை இடைக்காட்டூர் போய், 1894இல் கட்டிய அந்த திருஇருதய ஆலயத்தின் அழகை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது இன்னும் நினைவிருக்கிறது.

வேளாங்கண்ணித் திருநாள் முடிந்து ஒரு செப்டம்பரில் திரும்பிக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டி தாண்டிப் பட்டுக்கோட்டைச் சாலை. நாங்கள் பதினோரு பேர். தங்கை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய்க்கால் பாலம் ஒன்றில் ஏறி இறங்கும்போது எதிரே சாலையை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டு மந்தை. முன்னால் கம்போடு ஒரு சிறுவன். அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தார், ஒன்றுமில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இறக்கி, கைபிரேக்கை இழுத்து, இடப்பக்கம் ஒடித்தார். வண்டி ஒரு வீட்டோரத்து வைக்கோல் போரில் போய்ப் புதைந்து நின்றது. ஆட்டுக்கும் அடியில்லை, ஆளுக்கும் அடியில்லை. அந்தச் சிறுவன் கம்பைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எல்லாரும் இறங்கினோம். சித்தப்பா மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பித்தார். அப்பா தடுத்தார். "அவரைச் சொல்லாதே. பதினைஞ்சு நாளைக்கு முந்தியே சொல்லிட்டாரு, பின்சக்கரத்துல எண்ணெய் கசியுது, மாத்தணும்னு. திருநாள் செலவு இருக்கேன்னு நான்தான் குறைஞ்ச எண்ணெயை ஊத்திட்டு வந்துட்டேன். எனக்குத் தெரியும். எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க" என்றார். பிள்ளைகளாகிய எங்களையும் பார்த்துத்தான் சொன்னார். அப்பத்தா அவர் தலையில் கை வைத்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் கோபம் தணிய வீடு வந்து மூன்று நாள் ஆயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டியின் மேல் குற்றமில்லை. நாம் மிதிப்பது ஓர் எண்ணெயை. அந்த எண்ணெய்தான் குழாய் வழியே போய்ச் சக்கரத்துக்குள் பிரேக் கட்டையைத் தள்ளுகிறது. சக்கரத்தின் உட்புறம் ஒரு சிறு ரப்பர் தேய்ந்தால் எண்ணெய் கசியும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். கைபிரேக் தனிக் கம்பியில் இழுபடுவதால்தான் அன்று பிழைத்தோம். ஊற்றி ஊற்றி அளவைச் சரிக்கட்டலாம், கசிவு நிற்காது.

மத்தேயு நற்செய்தியில் பத்துத் தோழியர் உவமையை நாம் அறிவோம். எண்ணெய் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்த ஐந்து பேரை, எங்கள் வீட்டில் அதுவரை கொஞ்சம் கருமிகள் என்றே நினைத்திருந்தோம். இரவல் கேட்டால் ஒரு கரண்டி கொடுக்கக்கூடாதா? வைக்கோல் போரருகே உட்கார்ந்திருந்தபோது எங்களோடு பதினொரு பேரின் செபம் இருந்தது, மாதா குளத்துத் தண்ணீர் இருந்தது, சுண்டலும் பொரியும் இருந்தன. அந்த ரப்பர் மட்டும் இல்லை. அதை நடுவழியில் யாரிடம் கேட்பது?

ஆகவே வேன் பேசியிருப்பவர்களுக்குச் சில சொற்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வண்டியின் தரையிலேயே தேங்கும். அடுப்பை வெளியே இறக்கித்தான் பற்றவையுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பன்னிரண்டு பேர் வண்டியில் இருபது பேரை ஏற்றிவிட்டு செபமாலை சொல்வதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஓட்டுநர் இரவில் தூங்க இடம் கொடுங்கள். அவரும் திருப்பயணிதான்.

அப்பா இறந்தபின் அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில் வண்டி போயிற்று; தேக்குப் பெஞ்சு மட்டும் இப்போதுள்ள வேனுக்கு மாறியிருக்கிறது. அம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இந்த ஆண்டும் வருகிறார். எங்கே வண்டியை நிறுத்தினாலும் முதலில் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நான்கு சக்கரத்தின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகுதான் அடுப்பை இறக்கச் சொல்வார்.